பிளாக்தார்ன் போகிறீர்களா? வெள்ளிக்கிழமையே கிளம்புங்கள்

போக்கிமான் கோல்டு, சில்வர் என்ற வீடியோ கேம்களை ஆடியவர்களிடம் எந்த ஊரில் மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விட்னி என்ற ஜிம் லீடரின் மில்டாங் என்ற போக்கிமானைத் திட்டுவார்கள். மீதிப் பேர் பெருமூச்சு விட்டுவிட்டு 'கிளேர்' என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. கேம் நடக்கிற ஜோட்டோ பிரதேசத்தின் வடகிழக்கு மூலையில் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற பிளாக்தார்ன் சிட்டிதான் அவளுடைய ஊர், ஜோட்டோவின் எட்டாவது, கடைசி ஜிம் (லீடரைத் தோற்கடித்தால் பேட்ஜ் தருகிற சண்டைக் கூடம்) அங்கேதான். ஊர்ப் பலகையில் 'அமைதியான மலை வாசஸ்தலம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்து நம்பி உள்ளே போய், அடி வாங்கி, அடிபட்ட போக்கிமான்களைக் குணப்படுத்துகிற போக்கிமான் சென்டருக்கும் ஜிம்முக்கும் நடுவில் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

நான் சொல்லப்போவது 1999-ல் ஜப்பானில் வந்த கோல்டு, சில்வர், அடுத்த வருடம் வந்த கிரிஸ்டல், 2009-ல் வந்த மறுபதிப்புகளான ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாறுகிற இடத்தில் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயம், இந்த ஊருக்கான தயாரிப்பு இந்த ஊரில் நடக்காது. ஏழாவது பேட்ஜ் தருகிற பிரைஸின் பெரிய போக்கிமான் பைலோஸ்வைன் பழைய கேம்களில் லெவல் 31. அடுத்து வருகிற கிளேரின் கிங்ட்ரா லெவல் 40. நடுவில் ஒன்பது லெவல் பள்ளம். வழியில் உள்ள குகைப் போக்கிமான்களோ இருபதுகளில் நிற்கும், அவற்றை அடித்து லெவல் ஏற்றுவது கரண்டியால் கிணறு இறைக்கிற கதை. அதனால் லெவலை மட்டும் நம்பாமல், சரியான ஆளை டீமில் வைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அந்த ஆள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கிடைப்பார்.

லாப்ரஸ் என்ற போக்கிமானைத்தான் சொல்கிறேன். யூனியன் குகையின் அடித்தளத்தில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும், லெவல் 20-ல் ஒன்று தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். தண்ணீரைக் கடக்க உதவுகிற சர்ஃப் மூவ் இருந்தால் போய்ப் பிடிக்கலாம். இந்தக் கேம்களுக்குள் நிஜக் கடிகாரம் ஓடுகிறது, ஆக கேமில் வெள்ளிக்கிழமை என்றால் நீங்கள் அமைத்த கடிகாரத்தின்படி வெள்ளிக்கிழமையேதான். தவறுதலாக அடித்து மயக்கம் போட வைத்துவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும், எனவே பக்கத்தில் போனதும் முதலில் சேவ் செய்யுங்கள். பிடித்த பிறகு அதை முப்பதுகளின் நடு வரைக்கும் வளர்த்தால் ஐஸ் பீம் என்ற பனித் தாக்குதலைத் தானாகவே கற்றுக்கொள்ளும், கிளேரின் டிராகன் வகைப் போக்கிமான்களுக்கு ஐஸ்தான் ஆகாது. ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. வெள்ளிக்கிழமை பிடித்து, ஒரு வாரம் வளர்த்து, அடுத்த சனிக்கிழமை பிளாக்தார்னுக்குள் நுழைகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சனிக்கிழமை என்பதற்கும் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

லாப்ரஸ் வளர்க்கப் பொறுமை இல்லையா? கோல்டு, சில்வர், கிரிஸ்டலில் கோல்டன்ராடு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஐந்தாவது மாடியில் ஐஸ் பஞ்ச் டிஎம் (போக்கிமானுக்கு ஒரு மூவை, அதாவது தாக்குதலை, கற்றுக்கொடுக்கிற பொருள்) கேம் காசில் 3000-க்கு விற்கிறார்கள். அதை வாங்கிக் கடாப்ரா என்ற போக்கிமானுக்குக் கற்றுக்கொடுங்கள். 'பஞ்ச்' என்ற பெயரைப் பார்த்து, மெலிந்த கைக்காரனான கடாப்ராவுக்கு இது எதற்கு என்று தோன்றும். அந்தக் காலத்தில் ஒரு மூவ் உடல் பலத்தில் அடிக்குமா, சிறப்புத் தாக்குதலில் அடிக்குமா என்பதை அதன் வகைதான் முடிவு செய்தது. ஐஸ் என்றால் எல்லாமே சிறப்புத் தாக்குதல், அதில் கடாப்ரா ராஜா. ஆனால் ஒரு அடி வாங்கினால் விழுந்துவிடும், கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாள வேண்டும். மறுபதிப்புகளில் அந்த டிஎம் எண்ணே வேறு மூவுக்குப் போய்விட்டது, அங்கே இந்த வழி கிடையாது.

சரி, ஊருக்குப் போகிற வழி. மஹாகனி டவுனின் கிழக்கு வாசலில் மிட்டாய் விற்கிற ஒருவர் வழியை மறித்து நிற்பார். கோல்டன்ராடு ரேடியோ டவரில் டீம் ராக்கெட் என்ற வில்லன் கூட்டத்தை விரட்டி முடித்தால்தான் அவர் நகர்வார். அதற்கு முன் அவரிடம் எத்தனை மிட்டாய் வாங்கினாலும் பயனில்லை, நான் வாங்கிப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு ரூட் 44, அப்புறம் ஐஸ் பாத்.

ஐஸ் பாத் பார்க்கச் சின்னக் குகை, ஆனால் தரை முழுக்கப் பனிக்கட்டி. ஒரு பக்கம் காலை வைத்தால் எதிலாவது போய் முட்டுகிற வரை வழுக்கிக்கொண்டே போவீர்கள். இதற்கு எளிய தந்திரம், எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்திலிருந்து பின்னோக்கி யோசிப்பது. அங்கே நிற்க எந்தப் பாறையில் முட்ட வேண்டும், அந்தப் பாறைக்கு நேராக வர எங்கிருந்து வழுக்க வேண்டும் என்று போனால் இரண்டு மூன்று நிமிடத்தில் விடை வந்துவிடும். முன்னோக்கி யோசித்தால் அரை மணி நேரம் சுவரோடு சுவராக மோதிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் தளத்தில் வாட்டர்ஃபால் எச்எம் (டிஎம் மாதிரிதான், ஆனால் வழி திறக்க உதவுகிற மூவ்) இருக்கிறது, அதை எடுக்காமல் இறங்காதீர்கள். இப்போது தேவைப்படாது, ஆனால் அது இல்லாமல் கடைசிப் போட்டி நடக்கிற போக்கிமான் லீக் பக்கம் போகவே முடியாது. கீழ்த்தளத்தில் நான்கு பெரிய பாறைகளும் அவற்றுக்கான துளைகளும் இருக்கும். ஸ்ட்ரெங்த் தெரிந்த போக்கிமானால் பாறைகளைத் துளைக்குள் தள்ளினால் அவை அடுத்த தளத்துப் பனியில் விழுந்து, நீங்கள் வழுக்கும்போது முட்டி நிற்கத் தடுப்பாகிவிடும். பாறையை அவசரப்பட்டு ஓரத்தில் ஒட்டித் தள்ளிவிட்டால் திரும்ப இழுக்க முடியாது, படி ஏறி இறங்கினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பதற வேண்டாம். காட்டுப் போக்கிமான்களை அண்டவிடாத ரிப்பெல் மட்டும் கை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கி வழுக்கிக் கணக்குப் போடுகிற நேரத்தில் நாலடிக்கு ஒரு கோல்பேட் வந்து குழப்பினால் எங்கே நின்றோம் என்பதே மறந்துபோகும்.

மறுபதிப்புகளில் இந்தக் குகைக்குள் கிமோனோ அணிந்த ஒரு பெண் செருப்பு பனியில் ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்பாள். பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிட்டால் போதும். அந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த சின்னக் காட்சி இது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குகையிலிருந்து வெளியே வந்தால் பிளாக்தார்ன். சுற்றிலும் பாறைச் சுவர், நாலைந்து வீடு, ஒரு கடை, ஒரு சென்டர், ஒரு ஜிம், வடக்கே டிராகன்ஸ் டென் என்ற குகை. அவ்வளவுதான் ஊர். சனிக்கிழமை வந்தீர்கள் என்றால் சான்டோஸ் என்ற ஆள் நின்றுகொண்டிருப்பார், பேசினால் ஸ்பெல் டேக் கொடுப்பார். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு சகோதர சகோதரிகள் ஜோட்டோ முழுக்கச் சிதறி நின்று ஆளுக்கொரு பொருள் கொடுக்கிறார்கள், சனிக்கிழமைக்காரர் இவர். மற்ற ஆறு பேரும் வழியில் கண்ணில் படுவார்கள், இவருக்காக மட்டும் தனியாக மலையேறி வர யாருக்கும் மனம் வராது. அதனால்தான் சனிக்கிழமை என்றேன்.

கடையில் ஹைப்பர் போஷன், ஃபுல் ஹீல், ரிவைவ் என்ற மூன்று மருந்துகளையும் தாராளமாக வாங்குங்கள். காசைச் சேர்த்து வைத்து இந்தக் கேமில் மாளிகையா கட்டப் போகிறீர்கள்?

இனி ஜிம். பழைய கேம்களில் மேல்தளத்தில் உள்ள பாறைகளைத் துளைகளில் தள்ள வேண்டும். அவை கீழே எரிமலைக் குழம்பில் விழுந்து நடக்க இடமாகும். மறுபதிப்புகளில் அதே குழம்பின் மேல் டிராகன் வடிவ மேடைகள் திரும்பித் திரும்பி உங்களை ஏற்றிச் செல்லும். இரண்டுமே கஷ்டமில்லை. உள்ளே இருக்கும் பயிற்சியாளர்களைத் தவிர்க்காதீர்கள், ஒவ்வொருவரையும் அடித்துவிட்டுச் சென்டருக்குப் போய் வாருங்கள். இந்த ஊரில் உருப்படியாக லெவல் ஏறக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

கிளேர், சாம்பியன் லான்ஸின் உறவு, கசின். பழைய கேம்களில் அவளிடம் லெவல் 37-ல் மூன்று டிராகனேர், லெவல் 40-ல் ஒரு கிங்ட்ரா. மூன்று டிராகனேரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றிடம் சர்ஃப், ஒன்றிடம் தண்டர்போல்ட், ஒன்றிடம் ஐஸ் பீம். மூன்றிடமும் தண்டர் வேவ். உண்மையான தொல்லை இந்தத் தண்டர் வேவ்தான். உங்கள் போக்கிமான் பாரலைஸ் ஆகி வேகம் போய், நாலு தடவைக்கு ஒரு தடவை அசையவே முடியாமல் நிற்கும், அந்த நேரத்தில் அவள் நிதானமாக அடிப்பாள். கிரவுண்டு வகைக்கு தண்டர் வேவ் ஏறாது. ஐஸ் பாத்தில் கிடைக்கிற ஸ்வைனப் இந்த விஷயத்தில் கைகொடுக்கும் என்று சிலர் கூட்டிப்போவார்கள். நானும் கூட்டிப்போனேன், சர்ஃப் வைத்திருந்த டிராகனேர் ஒரே அடியில் அனுப்பிவைத்தது. கிரவுண்டு வகையை நம்பினால் எதிரே எந்த டிராகனேர் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு இறக்குங்கள்.

லாப்ரஸ் இருந்தால் டிராகனேர்கள் ஐஸ் பீமுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு அடி தாங்கும், அவ்வளவுதான். தண்டர்போல்ட் வைத்திருப்பதிடம் மட்டும் லாப்ரஸை நிறுத்தாதீர்கள், அது லாப்ரஸுக்கு இரட்டிப்பு அடி.

இப்போது கிங்ட்ரா. இது தண்ணீரும் டிராகனும் கலந்த வகை. டிராகனுக்கு ஐஸ் ஆகாது, ஆனால் தண்ணீர் ஐஸைத் தாங்கும், ஆக ஐஸ் சாதாரண அடி. தண்ணீருக்கு மின்சாரமும் புல்லும் ஆகாது, ஆனால் டிராகன் இரண்டையும் தாங்கும், ஆக அவையும் சாதாரண அடி. ஃபேரி வகை அப்போது பிறக்கவே இல்லை. இந்தக் கேம்களில் கிங்ட்ராவுக்கு இரட்டிப்பாக வலிப்பது டிராகன் அடி ஒன்றுதான், உருப்படியான டிராகன் மூவ் டிஎம்மோ இவளை ஜெயித்த பிறகு இவளே கொடுப்பது. பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய மாதிரி.

ஆகவே கிங்ட்ராவிடம் வகை பார்த்து ஜெயிக்க முடியாது, தாக்குப்பிடித்துத்தான் ஜெயிக்க வேண்டும். எனக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன், அதில் தேவையான எல்லாமே இருக்கிறது. கிரிஸ்டல் ஆட்டம். கிங்ட்ரா வந்தபோது என்னிடம் ஆம்ஃபரோஸ் நின்றது, லாப்ரஸ் பாதி உயிரோடு பின்னால். கிங்ட்ரா ஸ்மோக்ஸ்கிரீன் போட்டது, நம் அடியைக் குறி தவற வைக்கிற புகை. என் தண்டர்பஞ்ச் பட்டது. மறுபடி ஸ்மோக்ஸ்கிரீன். இந்தத் தடவை படவில்லை. இன்னொரு ஸ்மோக்ஸ்கிரீன், நான் வீம்புக்கு அதே ஆம்ஃபரோஸை வைத்துக்கொண்டு மூன்று தடவை காற்றில் குத்தினேன். அப்புறம்தான் உறைத்தது, துல்லியக் குறைவு நிற்கிற ஆளோடுதான் ஒட்டியிருக்கும், ஆளை மாற்றினால் போய்விடும். லாப்ரஸுக்கு மாற்றினேன், உள்ளே வந்த அதன் மேல் ஹைப்பர் பீம் விழுந்தது, கடைசிச் சொட்டு உயிரில் நின்றது. ஆனால் ஹைப்பர் பீம் அடித்தவர் அடுத்த முறை மூச்சு வாங்க வேண்டும். அந்த ஓய்வில் ஹைப்பர் போஷன் ஊற்றினேன். அடுத்து வந்த சர்ஃப், லாப்ரஸ் மேல் கொசுக்கடி. ஐஸ் பீம், ஐஸ் பீம். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

அதாவது புகை போட்டால் ஆளை மாற்றுங்கள், ஹைப்பர் பீம் வந்த அடுத்த முறை உங்களுக்கு இலவசம், அதில் மருந்து ஊற்றுங்கள் அல்லது அடியுங்கள். அதன் சர்ஃபைத் தாங்குகிற ஒரு ஆளைக் கடைசி வரை உயிரோடு வைத்திருங்கள். இன்னொரு வழி மேக்னட்டான். ஸ்டீல் வகை டிராகன் அடியையும் சாதாரண வகை அடியையும் பாதியாக்கும், எனவே கிங்ட்ராவின் டிராகன் மூவான டிராகன்பிரெத்தும் ஹைப்பர் பீமும் அதன் மேல் பெரிதாக வலிக்காது. ரூட் 38, 39 பக்கம் மேக்னமைட் கிடைக்கும், லெவல் 30-ல் மேக்னட்டான் ஆகும். வேகம் போதாது, அழகும் போதாது, ஆனால் வேலை முடியும்.

மறுபதிப்புகளில் டீம் கொஞ்சம் வேறு. ஒரு டிராகனேருக்குப் பதில் கியாரடோஸ், எல்லாம் லெவல் 38, கிங்ட்ரா 41. கியாரடோஸுக்கு மின்சாரம் நாலு மடங்கு வலிக்கும், ஆம்ஃபரோஸ் வளர்த்தவர்களுக்கு அது ஒரு அடி சமாசாரம். கிங்ட்ரா அங்கேயும் அதே தலைவலிதான்.

ஜெயித்தாயிற்று, பேட்ஜ் கொடு என்றால் கொடுக்க மாட்டாள். ஒரு ஜிம் லீடர் தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு 'உனக்கு இன்னும் தகுதி இல்லை' என்கிற அநியாயம் இந்த ஊரில்தான். வடக்கே டிராகன்ஸ் டென்னுக்குப் போகச் சொல்வாள். அதற்கு சர்ஃபும், நீர்ச்சுழலைக் கடக்கிற வேர்ல்பூலும் வேண்டும். வேர்ல்பூல் எச்எம்மை மஹாகனி ராக்கெட் மறைவிடத்தில் லான்ஸ் ஏற்கனவே கொடுத்திருப்பார், அதைப் பெட்டியில் போட்டுவிட்ட போக்கிமானுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கோல்டு, சில்வரில் உள்ளே போய் டிராகன் ஃபாங் என்ற பொருளை எடுக்க வேண்டும், எடுத்ததும் அவளே வந்து வேண்டாவெறுப்பாக ரைசிங் பேட்ஜைத் தருவாள். பெயரைப் பார்த்து அந்த ஃபாங்கை உங்கள் டிராகனுக்கு மாட்டிவிடாதீர்கள். அது டிராகன் மூவ்களின் பலத்தைக் கூட்ட வேண்டிய பொருள், ஆனால் அந்தத் தலைமுறைக் கேம்களில் ஒரு நிரல் பிழையால் அதற்கு எந்தப் பலனும் கிடையாது. அந்தப் பலன் டிராகன் ஸ்கேல் என்ற வேறொரு பொருளுக்குப் போய்விட்டது. இத்தனை பாடுபட்டு எடுத்த பொருள் வெறும் பல்!

கிரிஸ்டலிலும் மறுபதிப்புகளிலும் கதை வேறு, இங்கேதான் கவனம் தேவை. டென்னுக்குள் ஒரு கோயில், அதில் ஒரு பெரியவர். ஐந்து கேள்வி கேட்பார். போக்கிமான் உனக்கு என்ன, எதனால் ஜெயிக்கிறாய், யாரோடு மோத ஆசை, வளர்க்க எது முக்கியம், பலமானதா பலவீனமானதா எது முக்கியம் என்று. எடுபிடி, ஏமாற்று, பலவீனமானவர், வன்முறை ஆகியவற்றைத் தொடாதீர்கள், கடைசிக் கேள்விக்கு 'இரண்டும்' என்று சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார், எப்படியும் தேறிவிடுவீர்கள், பேட்ஜும் கிடைக்கும். ஆனால் அவர் மனதில் குறித்து வைத்துக்கொள்வார். எல்லாம் முதல் தடவையே சரி என்றால் அவர் தருகிற லெவல் 15 டிராட்டினிக்கு, முந்திக்கொண்டு அடிக்கிற எக்ஸ்ட்ரீம்ஸ்பீடு என்ற அபூர்வ மூவ் தெரிந்திருக்கும், ஒன்று தப்பினாலும் சாதாரண டிராட்டினி. என் தம்பி சிரிப்புக்காக 'ஏமாற்று' என்று அழுத்தினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் சேவ் செய்தோம். எக்ஸ்ட்ரீம்ஸ்பீடு பற்றித் தெரிந்தது இரண்டு மாதம் கழித்து.

எனவே கோயில் வாசலில் சேவ். டீமில் ஒரு இடம் காலியாக இருக்கட்டும், ஆறும் நிரம்பியிருந்தால் டிராட்டினி வராது. கிளேர் வந்து பேட்ஜ் கொடுத்ததும் ஓடிவிடாமல், பெரியவரிடம் மறுபடி பேசுங்கள், அப்போதுதான் அவர் டிராட்டினியைத் தருவார்.

வேர்ல்பூலை உடனே மறக்கடிக்கலாம் என்று கை துறுதுறுக்கும். பழைய கேம்களில் எச்எம் மூவ்களைச் சாதாரணமாக அழிக்க முடியாது, அதற்கென்றே இந்த ஊரில் ஒரு வீட்டில் மூவ் டிலீட்டர் இருக்கிறார். காசு கேட்க மாட்டார். ஆனால் டிராட்டினி கைக்கு வந்த பிறகு அவரிடம் போங்கள், இல்லையென்றால் கோயிலுக்குத் திரும்ப வழி இருக்காது. டென் தண்ணீரில் குட் ராடு என்ற தூண்டிலைப் போட்டாலும் டிராட்டினி மாட்டும், மேஜிகார்ப் மேல் மேஜிகார்ப் இழுத்துச் சலித்த பிறகு. மறுபதிப்புகளில் மறந்த மூவை ஹார்ட் ஸ்கேல் வாங்கிக்கொண்டு நினைவூட்டுகிறவரும் இதே ஊரில்தான்.

டென்னை விட்டுக் கிளம்பும்போது கிளேர் டிராகன் மூவ் டிஎம்மையும் கொடுத்துவிடுவாள், பழையவற்றில் டிராகன்பிரெத், மறுபதிப்புகளில் டிராகன் பல்ஸ். அப்புறம் புரொஃபசர் எல்ம் போன் செய்வார், நியூ பார்க் டவுனுக்குப் போனால் எந்தக் காட்டுப் போக்கிமானையும் தவறாமல் பிடிக்கிற மாஸ்டர் பால் காத்திருக்கிறது. பறந்து போகலாம், அல்லது தெற்கே ரூட் 45 வழியாக இறங்கிப் போகலாம். கோல்டில் கிளைகர், சில்வரில் ஸ்கார்மரி கிடைக்கிற பாதை என்பதால் நான் ஒரு தடவையாவது நடந்துதான் போவேன். ஆனால் அங்கே மேடுகள் எல்லாம் கீழ்நோக்கி மட்டும்தான் குதிக்க விடும், மேலே ஏற முடியாது. முதல் மேட்டில் நின்று பையைத் திறந்து பாருங்கள், டிஎம் இருக்கிறதா, வாட்டர்ஃபால் எச்எம் இருக்கிறதா, டிராட்டினி டீமில் இருக்கிறதா, இன்று சனிக்கிழமை என்றால் சான்டோஸைப் பார்த்தாயிற்றா. ஒன்று விட்டுப்போனாலும், பறக்க உதவுகிற ஃப்ளை மூவ் இல்லாதவர்கள் மறுபடி மஹாகனி போய் அந்தப் பனியில் முதலிலிருந்து வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.